எட்டுப் பொத்தலும் என் மதினியும்

மூன்று தரம் மடித்து, கத்தரிக்கோல் நுனியால் குத்திய ஒரு செய்தித்தாள். மதினியை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணுக்கு வருகிறது. அப்போது ராஜபாளையத்தில் நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். கட்டடக்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு நான் விண்ணப்பம் போட்டபோது, பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் தன் மனைவிக்கும் சேர்த்தே போட்டுவிட்டான். மதினி பள்ளிக்கூடத்தில் கணக்கில் கெட்டிக்காரி. கல்யாணமானதும் பேண்டேஜ் துணி ஃபேக்டரிக்கு மடிப்பு வேலைக்குப் போனவள். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. “ஒரே ஒரு தடவ எழுதட்டும். வரலேன்னா பொறவு படிப்புன்னு வாயத் தொறக்கப்படாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மடித்த தாளில் பொத்தல் போட்டதைப் படமாகக் கொடுத்து, பிரித்தால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். துணி மடித்துப் பழகிய கைக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தேன். பயிற்சியில் பத்துக்கு எட்டு தப்பு! மூன்று மடிப்பு என்றால் எட்டுப் பொத்தல் என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாள். ஃபேக்டரித் துணியை எங்கே தொட்டாலும் எட்டு அடுக்கு இருக்க வேண்டும். ஓரிடத்தில் குறைந்தாலும் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடுவார். தேர்வுக்காரர்களோ மூலையை மட்டும் மடிப்பார்கள். ஓரிடத்தில் நாலு அடுக்கு இருக்கும், பக்கத்திலேயே ஒன்றுதான் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேள்வியில் உள்ளபடியே செய்தித்தாளை மடித்துக் குத்தினாள். எட்டை எதிர்பார்த்துப் பிரித்தவளுக்கு இரண்டுதான் கிடைத்தது. “ஏட்டி, இது நம்ம துணி இல்லட்டி! எடத்துக்கு எடம் அடுக்கு மாறுது!” என்று கத்தினாள். அதோடு மடிப்புக்கு இரண்டு மடங்கு என்று பெருக்கி விடை போடுவதை விட்டாள். கடைசி மடிப்பை முதலில் பிரிப்பாள். பொத்தல் அந்த மடிப்பில் விழுந்திருந்தால் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் அதே தூரத்தில் ஒரு புள்ளி வைப்பாள். பிறகு அதற்கு முந்தைய மடிப்பு. கட்டடத்தை மேலிருந்து பார்க்கும் கேள்விகளுக்குத் தீப்பெட்டிகளை அடுக்கிவிட்டுக் கட்டில்மேல் ஏறி நின்று பார்த்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் கைடு புத்தகத்தின் குறுக்குவழிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

மதுரைக்குப் போய் இரண்டு பேரும் எழுதினோம். முடிவு வந்தபோது மதினி தேறியிருந்தாள், அதுவும் நல்ல மதிப்பெண்ணில். நான் தேறவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துக் குதித்தது நான்தான். இன்று அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த அலுவலகம். நான் அதே ஊரில் கணக்கு டீச்சர். மதினிக்குக் கல்லூரியில் இடம் உறுதியான அன்றைக்கு அம்மா செய்ததை நினைத்து இப்போதும் இரண்டு பேரும் சிரிக்கிறோம்.

அம்மா பீரோவைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள். எங்கே என்று கேட்டேன்.

“ஃபேக்டரிக்கு. இனி என் மருமக வேலைக்கு வரமாட்டான்னு நானே சொல்லிட்டு வாரேன்.”

ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினாள். மதினி பயந்துபோய், “சூப்பர்வைசர் என்ன அத்தை சொன்னாரு?” என்றாள்.

“அவரு எங்கட்டி பேசுனாரு? நான்ல பேசுனேன்!”