கலையரசி டீச்சரும் ஐந்து குறிலும்

தொண்டை கிழியக் கத்தாத பள்ளிக்கூடத்தை நான் பள்ளிக்கூடமாகவே மதித்ததில்லை. தலைமையாசிரியராக எனக்கு ஒரே அளவுகோல்தான். தெருமுனை டீக்கடை வரைக்கும் 'அ, ஆ' கேட்க வேண்டும். அப்படிப்பட்ட என்னிடம் 1998-இல் கலையரசி டீச்சர் வந்து சேர்ந்தார். எதிரே நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். "ராசாங்கம், உனக்கு வாய்ச்சது இதுதானா" என்று என்னையே நொந்துகொண்டேன்.

அவருக்குத் தா.பழூர் பக்கம். அம்மா ஆண்டாயி கூலிக்கு நடவு நட்டுப் படிக்க வைத்தவர். பயிற்சிப் பள்ளியிலேயே, "இந்தக் குரல் வாத்தியார் வேலைக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். பெரம்பலூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பஸ்ஸில் வருவார். பஸ் வராத நாளில் மெயின் ரோட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்துவிடுவார். தாமதம் என்று திட்ட ஒரு நாள்கூட வாய்ப்பே தரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஜல்லி உடைக்கும் கிரஷரில் வேலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நெடில் எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. குறில்தான் வராது. 'அ' என்று காட்டினால் 'ஆஆ' என்று கூரை பறக்கும். அதில் முதல் ஆள் புவனேஸ்வரி. அவளுடைய அப்பா மதுரைவீரன் பதினைந்து வருடமாகக் கிரஷரில் இருப்பவர். கார்த்திகையில் ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"இது மண்டையில ஒண்ணும் ஏறல டீச்சர். பொங்கலுக்கு அப்புறம் தம்பியப் பாத்துக்கிட்டு வூட்ல கெடக்கட்டும். நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போவணும்ல."

கலையரசிக்கு முகம் வாடிப்போயிற்று. அன்று மாலை பஸ்ஸை விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கே போனார். மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்.

"சார், அந்தப் புள்ள அப்பாவக் கூப்புடுறதக் கேட்டேன். பக்கத்துல நின்னுக்கிட்டே 'அப்பாஆஆ, சோறூஊ'ன்னு கத்துது. கிரஷர் சத்தத்துல அவருக்குக் காது போயிருக்கு சார். அது அவருக்கே தெரியல. இந்த ஊர்ல முக்காவாசி வூட்ல இதே கததான்."

அன்றிலிருந்து ஒன்றாம் வகுப்பில் ரகசியப் பாடம். பக்கத்துப் பிள்ளையின் காதில் எழுத்தை மெல்லச் சொல்ல வேண்டும். கேட்ட பிள்ளை, குறில் என்றால் ஒரு விரல், நெடில் என்றால் இரண்டு விரல் காட்ட வேண்டும். காதோடு சொல்லும்போது எந்தப் பிள்ளைக்கும் இழுக்கத் தோன்றவில்லை. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் டீச்சர், உள்ள யாராச்சும் தூங்குறாங்களா?"

"பொங்கல் வரைக்கும் பொறுத்துக்குங்க சார்."

மார்கழிக் கடைசியில் ஒரு மதியம், சாப்பாட்டுக்காகக் கிரஷர் நின்றிருந்த நேரம், மதுரைவீரன் பொங்கல் வரைக்கும்கூடப் பொறுக்காமல் மகளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். புருவமெல்லாம் கல் தூசி. கலையரசி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கரும்பலகையில் ஐந்து குறிலையும் எழுதி, "படி தங்கம்" என்றார். புவனேஸ்வரி ஒவ்வொன்றாக மெல்லப் படித்தாள். நறுக்கென்று, இழுக்காமல். எனக்கே ஆச்சரியம்.

"பாருங்க, வாயே தொறக்க மாட்டேங்குது" என்றார் மதுரைவீரன்.

"இன்னொரு தடவ படிம்மா" என்றார் கலையரசி.

'அ' என்றாள். கடைசி வரிசை வரைக்கும் இருபத்தாறு பிள்ளைகளும் ஒற்றை விரலைத் தூக்கினார்கள். 'இ' என்றாள். மறுபடியும் அத்தனை விரலும் மேலே. மதுரைவீரன் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அங்க வரைக்கும் கேக்குதா?"

பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதற்கும் தலையாட்டியதில்லை.

கலையரசி அவர் பக்கத்தில் போய், தன்னால் முடிந்த மட்டும் சத்தமாகச் சொன்னார். "புள்ள மக்கு இல்லைங்க. உங்களுக்குக் கேக்கணும்னுதான் இழுத்து இழுத்துக் கத்திப் பழகிடுச்சு."

அவர் மகளைப் பக்கத்தில் இழுத்துக் காதைக் கொடுத்தார்.

"எனக்கும் சொல்லு சாமி."

புவனேஸ்வரி மூச்சை நிரப்பிக்கொண்டாள். "ஆஆ! ஈஈ! ஊஊ! ஏஏ! ஓஓ!" டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பொங்கலுக்கு அப்புறமும் அனுப்புறேன் டீச்சர். சின்னவனுக்கு வேற வழி பாத்துக்குறோம்."

அவள் சொன்னதில் ஒன்றுகூடக் குறில் இல்லை. கலையரசி திருத்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.