என் வீட்டுக்காரரின் கோபத்தை ஆண்டவர் ஆற்றினார்

என் வீட்டுக்காரர் சவரிராஜ் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஊருக்கு வந்ததிலிருந்து கடலூரில் எங்கள் வீட்டில் கோபமும் குடியேறியது. சோறு ஆறியிருந்தால் கோபம். செருப்பு வாசலில் கோணலாகக் கிடந்தால் கோபம். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட திடுக்கிட்டு எழுந்து கத்துவார். எங்கள் மேல் கை வைத்ததில்லை. ஆனால் தட்டு பறக்கும். ஒருமுறை கதவைக் குத்தி விரல் எலும்பு முறிந்தது. பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பார். அப்போது பார்க்க இன்னும் பாவமாக இருக்கும்.

எங்கள் ஒரே மகள் ஜெனிட்டா சிதம்பரத்தில் காலேஜில் சேர்ந்தாள். தினமும் பஸ்ஸில் போய் வரலாம். அவளோ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமசுக்கும் வரவில்லை.

"அம்மா, நீ வேணா இங்க வந்து என்னப் பாரு" என்றாள் போனில். "அங்க வந்தா நிமிஷத்துக்கு நிமிஷம் அப்பா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கணும். என்னால முடியலம்மா."

அன்று நான் உடைந்துபோனேன். மாதா சுரூபத்தின் முன் முழந்தாளிட்டேன். செபமாலையைக் கையில் எடுத்தும் சொல்ல வரவில்லை. "ஆண்டவரே, இவரோட கோவத்த எடுத்துடும், எம் பொண்ண வீட்டுக்குக் கொண்டாந்துடும்" என்று அழுதது மட்டும் நினைவிருக்கிறது. தவக்காலம் முழுவதும் இதையேதான் கேட்டேன். ஒன்றும் மாறவில்லை. ஆண்டவர் என்னை மறந்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

ஈஸ்டர் கழிந்து, மகளைப் பார்க்க சிதம்பரத்துக்குக் கிளம்பினேன். அவரும் வருகிறேன் என்றார். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஆலப்பாக்கம் தாண்டியதும் கண்டக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"பெருசு, உள்ள நகரு. காது கேக்கல?"

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் அந்தக் கண்டக்டர் பையனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அவர் கண்ணைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "ஸ்டேஷனுக்கு வுடுய்யா வண்டிய" என்று யாரோ கத்தினார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடினேன். "இயேசுவே, இப்பவே வாரும்" என்றேன். அதற்குமேல் செபிக்கத் தெரியவில்லை.

கண்ணைத் திறந்தபோது பின் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வந்து என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். பிடித்து இழுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"சார், எந்த யூனிட்?"

என் வீட்டுக்காரரின் கை தளர்ந்தது. பழக்கத்தில் பதில் சொன்னார்.

"நானும் பட்டாளந்தான் சார். வாங்க, கீழ எறங்கி ஒரு டீ சாப்புடலாம்." கண்டக்டரின் தோளைத் தட்டி, "மனசுல வெச்சிக்காத தம்பி" என்றார்.

அவர் பெயர் கலியமூர்த்தி. குமராட்சிப் பக்கம் விவசாயம் பார்ப்பவர். டீக்கடையில் அவர் எங்களுக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைத்தான் சொன்னார்.

"எங்கோவம் தாங்காம எம் பொண்டாட்டி புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு அவுங்க அம்மா வூட்டுக்கே போயிட்டா சார். இது திமிரு இல்ல. பார்டர்ல உசுரோட இருக்க ஒடம்பு கத்துக்கிட்டது. வூட்டுக்கு வந்தும் அது டூட்டி பாக்குது. சிதம்பரத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. நம்மள மாதிரி ஆளுங்க நாலஞ்சி பேரு வியாழக்கெழமன்னா அவுங்ககிட்ட ஒண்ணா ஒக்காந்து பேசுறோம். நீங்களும் வாங்க."

"நான் பைத்தியம் இல்ல."

"நானும் இல்ல சார். டீ ஆறுது, குடிங்க."

அதற்கு என் வீட்டுக்காரரால் கோபப்பட முடியவில்லை. அன்று வேறு பஸ் பிடித்துப் போய் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அடுத்த வியாழக்கிழமை, நான் கேட்காமலே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

டாக்டரம்மா முதலில் அவர் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு, அதற்கு மாத்திரை கொடுத்தார். கோபம் வாய்க்கு வருவதற்கு முன் உடம்புக்கு வரும், அதைக் கவனியுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். என் வீட்டுக்காரருக்குத் தாடை இறுகும், காது சுடும். அது தெரிந்ததும் "வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். ஆறியதும் திரும்பி வர வேண்டும். பரேடு பழகுவதுபோல் பழகினார். பனிமலையில் தன் பக்கத்திலேயே செத்துப்போன நண்பனைப் பற்றி அந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாகப் பேசினாராம். அன்று வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார். இருவரும் அழுதோம்.

நடுவில் ஒரு நாள் மறுபடியும் தட்டு பறந்தது. எல்லாம் போச்சு என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அவரோ தானே குனிந்து சோற்றைக் கூட்டி அள்ளினார். பிறகு கலியமூர்த்திக்குப் போன் போட்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஜெனிட்டா ஒரு சனிக்கிழமை வந்தாள். வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நடந்தாள். சாப்பிடும்போது கை தவறி மீன் குழம்புக் கிண்ணம் அப்பாவின் வெள்ளைச் சட்டை மேல் கவிழ்ந்தது. பிள்ளை அப்படியே உறைந்துவிட்டாள். அவர் தாடை இறுகுவதைப் பார்த்தேன். எழுந்தார். "வர்றேன்" என்று வெளியே போனார்.

திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"கோவம் வந்துச்சி. நடந்துட்டு வந்துட்டேன். நீ ஏம்மா சாப்புடாம இருக்க? கொழம்பு மிச்சம் இருக்கா, இல்ல எல்லாம் எஞ்சட்டையிலதானா?"

ஜெனிட்டா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஆண்டவருக்கு நான் சொன்ன நன்றியில் அன்று சத்தமே இல்லை.

இப்போது மகள் வாரா வாரம் வருகிறாள். அப்பாவும் மகளும் கிரிக்கெட் பார்க்கும்போது போடும் கூச்சல்தான் எங்கள் வீட்டில் பெரிய சத்தம். அவருக்குக் கோபம் இன்னும் வருகிறது, ஆனால் தங்குவதில்லை. போன மாதம் கம்மாபுரத்து முன்னாள் ராணுவக்காரர் ஒருவரை அவரே அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார்.

கோபத்தை ஒரே நொடியில் எடுத்துவிடும்படி நான் கேட்டேன். ஆண்டவர் ஒரு மனிதரையும் ஒரு டாக்டரையும் அனுப்பினார். அதற்காக அவருக்குக் கோடி தோத்திரம். அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் சோர்ந்துபோகாமல் செபியுங்கள். செபித்துவிட்டு டாக்டரிடமும் கூட்டிப் போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தயக்கமாக இருந்தால் பூசை முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். நான் கூட வருகிறேன்.