பெயர் வரும் இடத்தில்

என் அண்ணனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்பதை எங்கள் வீட்டில் கடைசியாகத் தெரிந்துகொண்டவன் அண்ணன்தான். எங்களுக்கெல்லாம் எப்போதோ தெரியும். டீ வேண்டுமா என்று கேட்டால் "நாளைக்கு" என்பான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, எதற்கு ஆட்டினோம் என்று தெரிந்துகொள்ள அண்ணியின் முகத்தைப் பார்ப்பான். டப்பா மூடி செய்யும் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர் வேலை. தகடு உள்ளே போகும், பிரஸ் இறங்கும், மூடி வெளியே விழும். நாள் முழுக்க அந்த ஒரே இடி. காதில் வைத்துக்கொள்ள அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சட்டைப் பையில் வைத்திருந்தான். "அதைப் போட்டா மெஷின் என்ன சொல்லுதுன்னு தெரியாது" என்று பெருமை வேறு. மெஷின் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு, மனுஷர் சொல்வது கேட்காமல் போயிற்று.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கவுண்டரில் நிற்பவள். கண் மங்கினால் ஜனங்கள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். நாலு ஃபிரேம் போட்டுப் பார்த்து, எது எடுப்பாக இருக்கிறது என்று என்னையே கேட்கிறார்கள். காது மங்கினால் மட்டும் மானம் போய்விடுகிறதாம். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனுக்கும் காது மெஷின் வாங்கியாயிற்று. டாக்டர் முன்னால் மாட்டிக்கொண்டான், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டான். "எல்லாரும் தகரத்துக்குள்ள உக்காந்து பேசற மாதிரி இருக்கு" என்றான். அன்று முதல் அது அலமாரி டிராயரில், கத்தரிக்கோலுக்கும் தீர்ந்துபோன பேட்டரிகளுக்கும் நடுவே கிடந்தது.

பிறகு பேச்சு குறைந்தது. கேட்காதவனுக்குப் பேசவும் அலுத்துப்போகும்போல. அண்ணி கத்திப் பேசப் பழகினாள். கத்திப் பேசினால் கோபமாகப் பேசுவது போலவே இருக்கும். அப்படியே பேசிப் பேசி அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. நல்ல பெண்மணி, பாவம். சாப்பிட வாங்க என்பதையே சண்டைக்குக் கூப்பிடுவது போல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

தொழிற்சாலையில் அண்ணனை பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஸ்டோரில் போட்டார்கள். அங்கே அட்டைப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓடும். ஒரு நாள் அது பின்னாலிருந்து ஹாரன் அடித்தது. அண்ணன் நகரவில்லை. டிரைவர் வண்டியைத் திருப்பிச் சுவரில் மோதினான். யாருக்கும் அடி இல்லை. ஃபோர்மேன் நல்ல மனிதர்தான், ஆனால் அன்றைக்குப் பயந்துவிட்டாராம். "திங்கட்கிழமை காதுல மெஷினை மாட்டிக்கிட்டு வா. இல்லைன்னா வராதே" என்று சொல்லிவிட்டார். அண்ணன் வீட்டுக்கு வந்து, "இனிமே வேலைக்குப் போகல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டான்.

அண்ணி எனக்கு போன் செய்தாள். "நீ வந்து சொல்லிப் பாரு. எனக்குத் தொண்டை போச்சு. இந்த மனுஷன் வேலையையும் விட்டுட்டு வீட்டுல உக்காந்தா, சுவத்தோட சேந்து சுவராயிடுவாரு."

அவள் சொன்னது சரி. வேலையில்கூட நாலு பேர் முகத்தைப் பார்க்கிறான். வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் போயிற்று. இவனிடம் புத்திமதி செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். நல்ல காது இருந்த காலத்திலேயே ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டவன்.

அப்போதுதான் எனக்கு அந்த கேம் ஞாபகம் வந்தது.

சின்ன வயதில் நாங்கள் இரண்டு பேரும் முன்னறை டிவி முன்னால் உட்கார்ந்து ஆடிய கேம் அது. ஊர் ஊராக நடந்து, ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, மந்திரவாதியை ஒழிக்கப் போகும் கதை. ஆரம்பத்திலேயே நாயகனுக்குப் பெயர் என்ன என்று கேட்கும். நாயகன் அண்ணன்தான், அதில் பேச்சே இல்லை. அவன் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் நான் கட்டத்தை நிரப்பப் போனேன். அண்ணன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. விரலும் போகவில்லை. நாலு ஆங்கில எழுத்தில் அண்ணா என்று அடித்துவிட்டேன்.

அதன்பிறகு மாற்ற வழியில்லை. அந்தக் கேமில் குரல் கிடையாது, யார் பேசினாலும் திரையில் எழுத்தாகத்தான் ஓடும். அரசர் நரைத்த தாடியோடு, "மண்டியிடு, அண்ணா" என்றார். மந்திரவாதி "ஒழிந்தாய், அண்ணா" என்று சிரித்தான். பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்து, அதை வெள்ளைக்காரப் பெண்ணின் பெயராக வாசித்து, உங்கள் நாயகன் பொம்பளையா என்று கேட்டு உதை வாங்கினான். எல்லாவற்றுக்கும் மேலே, கூடவே வரும் வைத்தியக்காரிப் பெண் கடைசியில் நிலா வெளிச்சத்தில், "உன்னைக் காதலிக்கிறேன், அண்ணா" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பா எழுந்து வந்து டிவியை அணைத்தார்.

அந்த கேம் இப்போது புதுப்பித்து வந்திருக்கிறது என்று என் மகன் சொல்லியிருந்தான். கேம் ஆடும் பெட்டியை அவன் என் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வெளியூருக்குப் படிக்கப் போயிருந்தான். சனிக்கிழமை மதியம் கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன இது?" என்றான் அண்ணன், படுத்தபடியே.

அவன் என் வாயைப் பார்க்கும்படி குனிந்து சொன்னேன். "நம்ம கேம். புதுசாப் பண்ணியிருக்காங்க. இதுல எல்லாரும் வாயைத் திறந்து பேசறாங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "வைத்தியக்காரி கூடவா?"

ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் தானாகக் கேட்ட கேள்வி அது. அண்ணி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள். அண்ணன் போய் டிராயரைத் திறந்தான். மெஷினை எடுத்து, பேட்டரி மாற்றி, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மாட்டினான். நாங்களும் பார்க்காத மாதிரி இருந்தோம்.

கேம் எப்படி இருந்தது என்று கேட்டால், உள்ளதைச் சொல்கிறேன். பார்க்க அழகு. ஆற்றுத் தண்ணீர் மின்னுகிறது, வைத்தியக்காரிக்கு ஒவ்வொரு முடியும் தனித்தனியாகப் பறக்கிறது. பழைய கேமில் நாயகனுக்கு முகமே கிடையாது, நாலைந்து சதுரப் புள்ளிகள்தான். அதனால் அது யார் முகமாகவும் இருந்தது. இப்போது கண்ணும் மூக்கும் வந்து, யாரோ ஒருவனாகிவிட்டான். சேறு நிறைந்த காட்டைக் கடக்கும் இடம் அன்றைக்கும் இழுவை, இன்றைக்கும் இழுவை. அதற்குச் சாயம் பூசியிருக்கிறார்களே தவிரச் சுருக்கவில்லை. ஆமையைக் கண்டுபிடித்துக் கொடு, மாவு மூட்டையைக் கொண்டுபோய்க் கொடு என்று வேலை வாங்குகிறார்கள். வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

சண்டை மட்டும் கெட்டுப்போகவில்லை. முறை வைத்துத்தான் அடித்துக்கொள்வார்கள். நாம் யோசித்து முடிக்கும்வரை எதிரி வாளை ஓங்கியபடி காத்திருப்பான். அண்ணனுக்கு அன்றைக்கே அதுதான் பிடித்தது. பிரஸ் யாருக்காகக் காத்திருந்தது?

கோளாறு குரலில் வந்தது. எந்தப் பெயரை அடித்தாலும் கேம் ஏற்றுக்கொள்ளும். எழுத்தில் அந்தப் பெயர் சரியாக வரும். ஆனால் குரல் கொடுத்தவர்கள் எத்தனை பெயரைத்தான் பேசிவைக்க முடியும்? அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். நான் பழைய மாதிரியே அண்ணா என்று அடித்திருந்தேன். திரையில் "எழுந்திரு, அண்ணா, விடிந்துவிட்டது" என்று ஓடியது. நாயகனின் அம்மா குரலில் "எழுந்திரு" என்று வந்தது, அப்புறம் சத்தமே இல்லாத ஒரு பள்ளம், அப்புறம் "விடிந்துவிட்டது."

அண்ணன் முகம் சுருங்கியது. அரசர் பேசினார். அங்கேயும் பள்ளம். வைத்தியக்காரி வந்தாள், செய்தி வாசிப்பவள் போல ஒரு குரல். அங்கேயும் பள்ளம். அண்ணன் காதிலிருந்து மெஷினைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தான்.

"பாத்தியா? எழுத்துல இருக்கு, காதுல விழல. பேர் வர்ற இடம் மட்டும் விழவே மாட்டேங்குது. இதை மாட்டிக்கிட்டு நான் வேலைக்குப் போகணுமா? பின்னாடியிருந்து கூப்பிட்டா இதான் நடக்கும்."

நான் அவன் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். "அது உன் காது இல்ல! கேம்லயே இல்ல. எனக்கும் கேக்கல."

"எனக்கே காது குத்துறியா?"

"இல்லைங்க, நிஜமாத்தான்! யாருக்கும் கேக்காது!" என்று அண்ணி சமையலறையிலிருந்து கத்தினாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ரெண்டு பேரும் காதும் காதும் வெச்ச மாதிரி பேசி வெச்சிருக்கீங்க. என்னைத் தேத்தறதுக்கு." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "விடு, பாப்பா. எனக்கு அலுத்துப்போச்சு."

எனக்கு மட்டும் அலுக்கவில்லையா? காலையிலிருந்து கவுண்டரில் நின்று கால் வீங்கியிருந்தது. உதவிக்கு வந்த நானே எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிவிட்டேன் என்று இருந்தது. இவன் சுவராகட்டும், எக்கேடோ கெடட்டும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுகூட நினைத்தேன். அவன் மெஷின் இல்லாமலே, எழுத்தைப் படித்தபடி ஆடிக்கொண்டிருந்தான். திரையில் நாயகன் ஒரு சத்திரத்துக்குள் நுழைந்தான்.

நான் மெஷினை எடுத்து முந்தானையில் துடைத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். ஒரே ஒரு தடவை என்று விரலைக் காட்டினேன். அவன் பெருமூச்சு விட்டு மாட்டிக்கொண்டான். நான் எழுந்து சோபாவுக்குப் பின்னால், அவன் என் வாயைப் பார்க்க முடியாத இடத்தில் போய் நின்றேன்.

சத்திரக்காரர் கிழவர். பழைய கேமில் அவர் என்ன சொன்னார் என்று நாங்கள் கவனித்ததே இல்லை, பொத்தானை அழுத்தித் தாண்டிவிடுவோம். இப்போது கரகரத்த குரலில் சொன்னார்: "களைத்துப் போயிருக்கிறாய்."

பள்ளம் வந்தது.

"அண்ணா" என்றேன். கடையில் பேசுகிற என் சாதாரணக் குரலில்தான்.

"உட்கார்" என்றார் சத்திரக்காரர்.

அண்ணன் கை நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தினான். அந்தக் கிழவர் எத்தனை முறை கேட்டாலும் அதையே சொல்வார், அவருக்கு அலுக்காது. "களைத்துப் போயிருக்கிறாய்."

"அண்ணா."

"உட்கார்."

இன்னொரு முறை அழுத்தினான். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை. பள்ளம் பள்ளமாகவே போயிற்று. "உட்கார்" என்று கிழவர் முடித்துவிட்டார். அண்ணன் தலையை லேசாகச் சாய்த்து, பின்னால் நின்றவள் போய்விட்டாளா என்று கேட்பது போலக் காத்திருந்தான். பிறகு மறுபடி அழுத்தினான்.

சமையலறையில் அண்ணி குழாயை மூடினாள். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்த முறை தவறிவிடக் கூடாதே என்ற பயத்தில், தெருவுக்கே கேட்கும்படி "அண்ணா!" என்றேன்.

அண்ணன் இரண்டு தோளையும் குறுக்கிக்கொண்டு காதைப் பொத்தினான்.

"கத்தாதே, பாப்பா" என்றான். "கேக்குது."