நூல் கட்டாத பொட்டலம்

என் தம்பி கவுஸைப் பத்திக் கேட்டா எனக்கு முதல்ல ஆத்திரம்தான் வரும். மத்ததெல்லாம் அப்புறம்.

பினாங்குப் பக்கம் செமிலிங்ல எங்க வீட்டுக்காரர் முகம்மது ஹனீபா வச்சிருந்த மளிகைக் கடையில பொட்டலம் மடிக்கிறது அவன் வேலை. வேலைன்னா வேலையா, கிறுக்கு. பழைய பேப்பர், சிகரெட் பெட்டித் தாள், கல்யாணப் பத்திரிகை, எது கிடைச்சாலும் கொக்கு, தவளைன்னு மடிச்சு வச்சிடுவான். பொண்ணு பார்க்கப் போன இடத்துல தட்டுல வச்ச வெத்திலையை மடிச்சுப் படகு பண்ணிட்டு வந்தவன். அந்தச் சம்பந்தம் அதோட போச்சு.

அவனோட பெருமை உப்புப் பொட்டலம். நூல் கிடையாது, பசை கிடையாது. காகிதத்தோட வாயைக் காகிதத்துக்குள்ளயே செருகிப் பூட்டிடுவான். "இது எனக்கு மட்டும்தான் தெரியும் லாத்தா. இந்த மடிப்புல என்ன இருக்குன்னு பார்க்கத்தான் ஒரு ஆளில்லை"ம்பான். நான் எங்க பார்த்தேன், உப்பைக் கொட்டிட்டுத் தாளை அடுப்புல போடுவேன்.

அப்ப வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக் கூடாதுன்னு அரிசிக்கு அளவு, உப்புக்கு அளவு. டின்னுல அடைச்ச சாப்பாட்டைக்கூட, சேர்த்து வைக்க முடியாதபடி ஓட்டை போட்டுத்தான் விக்கணும். சிடாம் கிரிப் பக்கம் காட்டுல போலீஸ் ஒரு உப்புப் பொட்டலத்தைக் கண்டெடுத்துச்சு. நூல் இல்லாத பொட்டலம். நேரா எங்க கடைக்கு வந்துட்டாங்க. "யார் மடிச்சது?"ன்னார் இன்ஸ்பெக்டர்.

வாயை மூடிட்டு நின்னா என்னவாம்? இவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான்தான். வேற யாருக்கும் இது வராது"ன்னான். விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

பின்னாலயே ஸ்டேஷனுக்கு ஓடினேன். "துவான், ஐயா, அவன் பெருமைக்குப் பேசுறான். இதை மடிக்க நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்"னேன். "அப்ப ஒருத்தரையாவது கூட்டிட்டு வா. இல்லைன்னா இவனைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிடுவோம்"னார் இன்ஸ்பெக்டர். பால்குடி மறக்கிறதுக்கு முன்னால இங்க வந்தவன். அங்க அவனுக்கு யாரு இருக்கா?

எங்க கடை வாடிக்கை ராக்காயி சிடாம் கிரிப் பக்கத்து எஸ்டேட்ல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுறவ. புருசன் இல்லை, மூணு பிள்ளைங்க. கேட்டுப் பார்ப்போம்னு போனா, அவ வீட்டு வாசல்ல நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்து பொட்டலம் மடிச்சுக்கிட்டு இருக்காங்க. அதே மடிப்பு.

"எஸ்டேட் கேட்டுல காவக்காரன் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கிறான் அக்கா. நூலை அறுத்தா அறுத்ததுதான். உங்க தம்பி மடிப்புன்னா மறுபடி மூடிக்கலாம், அதான் பிரிச்சுப் பிரிச்சுக் கத்துக்கிட்டோம்"னா ராக்காயி. பாப்பம்மாளுது சப்பை, பிச்சையம்மாளுது கூம்பு. யாருது இறுக்கம்னு ஒருத்தியை ஒருத்தி கேலி வேற. ராக்காயி மட்டும் மூலையை உள்பக்கம் இன்னொரு தரம் திருப்பிச் செருகியிருந்தா. மழைக்கும் அவிழாதாம். எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"நாளைக்கு ஸ்டேஷனுக்கு வா தாயி"ன்னு நடந்ததைச் சொன்னேன். அவ மூஞ்சி செத்துப் போச்சு. என்னை உள்ளே இழுத்துட்டுப் போனா.

"மரம் வெட்டுற இடத்துல துப்பாக்கியோட ரெண்டு பேர் வந்தாங்க அக்கா. மடியில கஞ்சிக்கு வச்சிருந்த உப்பைக் கேட்டாங்க. குடுக்காம என்ன செய்ய? காட்டுல கிடந்தது நான் மடிச்சது." கொஞ்ச நேரம் அழுதா. "நான் வரேன். பிள்ளைங்களை மட்டும் யாராச்சும் பார்த்துக்கணும்."

இவளை விட்டுட்டுப் பாப்பம்மாளைக் கூட்டிட்டுப் போனாலும் அடுத்த நிமிசம் போலீஸ் வந்து லயத்து வீடு முழுக்கச் சோதனை போடும், ராக்காயியோட அந்த மூலை மடிப்பு மாட்டிக்கும். தம்பிக்குன்னு ராக்காயி கடலை மடிச்சுக் குடுத்தா. வாங்கிட்டு வந்துட்டேன்.

மறுநாள், ராக்காயி குடுத்ததுன்னு மெல்லச் சொல்லிக் கம்பி வழியா அதை நீட்டினேன். அடி வாங்கி உதடு வீங்கிக் கிடந்தவன், கடலையைத் தொடலை. மூலையைத் தடவினான். சிரிச்சான்.

"இவங்கதானா லாத்தா? கடையில அன்னைக்கே பார்த்தேன், அந்த மூலை என்னுது இல்லை."

"தெரிஞ்சுக்கிட்டேதான் ஒத்துக்கிட்டியா, பாவி?"

"என் மடிப்பை ஒருத்தங்க பிரிச்சுப் பார்த்து, யோசிச்சு, திருத்தியிருக்காங்க. இத்தனை வருசத்துல எனக்கு அப்படி யாரு இருந்தா? அவங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்றியா?"

"இன்னும் நாலு பேர் மடிக்கிறாங்கடா"ன்னேன்.

"நாலு பேரா?"ன்னான். பசிச்சவனுக்குச் சோறு போட்ட மாதிரி ஆயிடுச்சு அவன் மூஞ்சி.

இன்ஸ்பெக்டர் வந்து, "எங்கே நீ சொன்ன ஆளு?"ன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. இந்த ஆள் மேல, துப்பாக்கி நீட்டி உப்புக் கேட்டவனுங்க மேல, ராக்காயி மேல, எல்லாரையும் விட, கடலைப் பொட்டலத்தை நெஞ்சோட வச்சுக்கிட்டு என்னையே பார்த்த அவன் மேல. பேர் நாக்கு நுனியில நின்னுச்சு.

"யாரும் இல்லை துவான்"னேன். "அது அவனுக்கு மட்டும்தான் வரும்."

பினாங்குல இருந்து அவனைக் கப்பலேத்திட்டாங்க. இப்ப எங்க கடையில எல்லாத்துக்கும் நூல்தான். ராக்காயி வந்தா மட்டும் உள்கட்டுக்குக் கூப்பிட்டு, உப்பைத் தனியா, தாளைத் தனியா குடுப்பேன். அவ மடிக்கிற வரைக்கும் பக்கத்துல நின்னு பார்ப்பேன்.