பிரியாத பாகம்

ஒற்றுமையான குடும்பம் எது என்று கேட்டால் அடி அண்ணாமலையில் எல்லோரும் பலராமன் வீட்டைத்தான் காட்டுவார்கள். அப்பன் ஆத்தாள் போய்ப் பல வருஷமாகியும் அண்ணன் பலராமனும் தம்பி முருகையனும் நிலத்தைப் பாகம் பிரிக்கவில்லை. அந்த ஒற்றுமைக்கு உழைத்து ஓடானவள் நடுவில் பிறந்த கன்னியம்மாள். கீழ்பென்னாத்தூரில் வாழப் போனவள், புருஷனைப் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் சின்ன வயசிலேயே திரும்பி வந்தாள். வந்தவள் கையில் களைக்கொத்தைக் கொடுத்தார்கள். அது கீழே இறங்கவே இல்லை.

பலராமனுக்குக் கால் சற்று வளைசல். பெண் அமையவில்லை, பிறகு அவனும் தேடவில்லை. அவனுக்கு இருந்த ஒரே கவலை தங்கச்சி. "எனக்கப்புறம் உன்ன யாரு பாப்பா? சந்திரம்மா பாப்பாளா?" என்பான். தம்பி பெண்டாட்டி சந்திரம்மாள் பார்ப்பாளா மாட்டாளா என்பது கன்னியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவனுக்கு இருமல் கண்டது. ஒருநாள் தங்கச்சியைத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப் போய்ப் பத்திரம் எழுதுகிறவர் முன்னால் உட்கார்ந்தான்.

"உயில் எழுதிடுங்க. உங்களுக்கப்புறம் உங்க பங்கு இந்தம்மாவுக்குப் போவும். அதான் சுளுவு" என்றார் அவர்.

பலராமனுக்கு முகம் செத்துவிட்டது. அவர்கள் பெரியப்பா உயில் எழுதி வைத்துவிட்டு அடுத்த அமாவாசையைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தச் சொல்லையே எடுக்கமாட்டார்கள். "வேணாங்க. அது எமனுக்கு வெத்தல பாக்கு வெச்சிக் கூப்புட்ற வேல."

"அப்ப பாகம் பிரிச்சிக்குங்க. அப்புறம் உங்க பங்க யாருக்கு வேணா குடுங்க."

"தம்பி பொண்ணு கஸ்தூரிக்கு மாப்ள பாக்கறோம். பாகம் பிரிஞ்ச ஊடுன்னா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. அவ கல்யாணம் முடியட்டும். நீங்க இப்பவே என் பங்க தங்கச்சிக்குத் தானமா எழுதிடுங்க."

"பிரியாத சொத்து. பின்னாடி வில்லங்கம் வந்தா என்னக் கேக்கக்கூடாது" என்றார் பத்திரக்காரர். சொல்லிவிட்டு எழுதவும் எழுதினார். பதிவும் ஆயிற்று. வெளியே வந்த கன்னியம்மாள் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று இருந்தது.

கஸ்தூரி கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பாகப் பேச்சை மட்டும் பலராமன் எடுக்கவில்லை. ஆடி போகட்டும், அறுப்பு முடியட்டும் என்றான். தள்ளிப்போடுவதற்கு நம் ஆட்களுக்கு மாசமா கிடைக்காது? மார்கழிக் குளிரில் இருமல் முற்றிப் போய்ச் சேர்ந்தான்.

கொள்ளி வைத்த முருகையன் தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. கருமாதி முடிந்ததும் மொத்த நிலத்திலும் தன் ஏரைப் பூட்டினானே, அதுவும் பொய்யில்லை. கன்னியம்மாள் பத்திரத்தைக் காட்டினாள்.

"பொதுவுல கெடக்கற சொத்த என்னக் கேக்காம அண்ணன் எப்படிக்கா தானம் குடுக்கும்?" என்றான்.

கன்னியம்மாள் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. கம்மல் வக்கீலுக்குப் போனது. வாய்தா நாளிலும் அவளே தம்பிக்குச் சோறு போட்டாள். அவனும் தின்றுவிட்டு அவளை எதிர்த்துச் சாட்சி சொல்லப் போனான். போக்கிடம் இல்லாதவளுக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

எண்பத்திரண்டில் தீர்ப்பு. வக்கீல் மெதுவாகச் சொன்னார்.

"தம்பி சம்மதம் இல்லாம பிரியாத பங்க தானம் குடுத்தா செல்லாதும்மா. பொண்டாட்டி, புள்ள, தாய் யாரும் இல்லாம அவரு செத்துட்டாரு. அப்படி செத்தா, அவரு பங்கு குடும்பத்துல உயிரோட இருக்கற ஆம்பளைக்குத்தான் போவும். உயில் எழுதியிருந்தா உனக்கு நின்னிருக்கும். அட, தானம் எழுதறதுக்கு முன்னாடி, நான் பிரிஞ்சிக்கறேன்னு தம்பிக்கு ஒரு நோட்டீஸ் விட்டிருந்தாக்கூடப் போதும்."

"உயில் எழுதுனா சாவு வந்துடும்னு பயந்துச்சி சார் எங்கண்ணன்" என்றாள் கன்னியம்மாள். "எழுதாமலே வந்துடுச்சே." கோர்ட் வராந்தாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அண்ணன் செத்த அன்றுகூட அப்படி அழுததில்லை.

திரும்பும்போது இருவருக்கும் ஒரே பஸ். முருகையன்தான் இரண்டு டிக்கெட்டும் வாங்கினான். "ஊட்ட வுட்டுப் போன்னு நான் சொல்லலக்கா. எப்பவும் போல இரு" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மல்லாட்டை பிடுங்க ஆட்கள் வந்தார்கள். எப்பவும் போலக் கன்னியம்மாளும் இறங்கினாள். சாயங்காலம் வரப்பில் சந்திரம்மாள் கடலைக்காயை அளந்து கூலி போட்டாள். ஆட்களுக்குப் பின்னால் கன்னியம்மாள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

"என்னா அண்ணி, நீங்க போயி கூலிக்காரங்களோட நின்னுகினு? நீங்க ஊட்டு மனுஷி."

"ஊட்டு மனுஷின்னா பங்கு இருக்கணும். இல்லன்னு கோர்ட்டே சொல்லிடுச்சி. கூலியக் குடு."

சந்திரம்மாள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் மாட்டைப் பார்த்தான். ஆட்கள் யாரும் நகரவில்லை. கன்னியம்மாள் ஏந்திய முந்தானையை மடக்கவில்லை. கடைசியில் சந்திரம்மாள் மற்றவர்களுக்கு அளந்த அதே படியால் அவளுக்கும் அளந்து போட்டாள். அண்ணன் அவளுக்கென்று எழுதி வைத்த நிலத்தில் கன்னியம்மாளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.