பேய்க்கு அளவெடுத்தவர்

சாலைத் துறையின் வண்டிக் கொட்டகையில், வெப்பக் குழாயின் மேல் அந்துப்பூச்சிகள் காய்ந்துகொண்டிருந்தன. காபி வடிகட்டும் தாளைப் பழைய காபியில் நனைத்து, ஈரத்தோடு கசக்கி, நடுவில் நூலால் இறுக்கிக் கட்டினால் ஒரு பூச்சி. கட்டிய விரல்கள் ஆர்விட் காங்கஸுடையவை. வருஷத்தில் பாதி பனி தள்ளும் வண்டியை ஓட்டிக் காய்த்துப்போன விரல்கள்.

"இருந்த தாளையெல்லாம் பூச்சியாக்கிட்டே. இனி நான் காபியை என் சாக்ஸ்லதான் வடிக்கணும்," என்றான் கூட வண்டி ஓட்டும் ட்வேன்.

"உன் சாக்ஸா? எனக்கு வெந்நீரே போதும்டா."

"சிரிக்கிறான்யா! ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்விட் சிரிக்கிறான். யாராவது தேதி குறிச்சு வைங்க."

சிரிக்கக் காரணம் இருந்தது. மகள் கெய்சா போன் செய்திருந்தாள். அவளாகவே.

அமெரிக்காவின் வடகோடியில், ஏரியைப் பார்த்த இந்த ஊரில் அக்டோபரிலேயே பனி கொட்டத் தொடங்கிவிடும். அப்புறம் ஆர்விடை வீட்டில் பார்க்க முடியாது. "பனி விழுந்தா நீ ஊருக்கே புருஷன். எனக்கு எப்ப?" என்று கொலீன் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். விவாகரத்துக்குப் பிறகு டெக்சாஸ் கடலோரத்து ட்ரெய் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டு, மகளையும் அழைத்துக்கொண்டு தெற்கே போய்விட்டாள்.

அதற்கு முன்னால், அக்டோபர் கடைசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்கும் ஹாலோவீன் மட்டும் ஆர்விடுக்குச் சொந்தமாக இருந்தது. சின்ன வயதில் படகு இருக்கைகளுக்கு உறை தைத்த கை அவருடையது. அந்தக் கனத்த தையல் இயந்திரம் அடித்தளத்து அறையில் இன்னும் இருக்கிறது. கெய்சா இளவரசி வேஷம் கேட்டதே இல்லை. வாய் தைத்த கசாப்புக்காரன், கிணற்றுக்குள்ளிருந்து வரும் நர்ஸ் என்று, பேய்ப்படத்தில் வருகிற எதையாவது கேட்பாள். அப்பாவும் மகளும் ஒரே போர்வைக்குள் அந்தப் படங்களைப் பார்ப்பார்கள். "இது பிள்ளைக்குக் காட்டுற படமா?" என்று கொலீன் கத்துவாள். இருவரும் சேர்ந்து பயப்படுவது அவளுக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. மகள் வாசலில் வந்து நின்றால், "காங்கஸ் வீட்டுப் பேய் வந்தாச்சு!" என்று தெருவே கூடும், பையில் ஒரு மிட்டாய் கூடுதலாக விழும்.

தெற்கே போன முதல் வருஷம் அவள் கடையில் வாங்கிய வேஷம் போட்டாள். படம் மட்டும் அனுப்பினாள். ஆர்விட், 'நல்லா இருக்கு' என்று பதில் போட்டுவிட்டு, அன்றைக்குப் பனி தள்ளிய சாலையிலேயே மறுபடி பனி தள்ளினார்.

இந்த வருஷம் போன்.

"அப்பா, அந்துப்பூச்சிப் பேய் செஞ்சு தர்றியா? கடையில விக்கிறது ரொம்பக் கேவலமா இருக்கு. பூச்சியெல்லாம் பிளாஸ்டிக்குப்பா."

அந்தப் பேய் ஒரு மணப்பெண். அவள் வாயைத் திறந்தால் அந்துப்பூச்சிகள் கிளம்பும். அவள் நடந்த வீட்டில் ஒரு துணி மிஞ்சாது. கடைசியாக அவர்கள் ஒன்றாகப் பார்த்த படம் அது.

"செஞ்சுட்டாப் போச்சு. உயரம் என்னடி இப்ப? அளவெல்லாம் அம்மாவை எடுத்து அனுப்பச் சொல்லு."

அளவு வந்தது. மகள் இவ்வளவு வளர்ந்துவிட்டாளா என்று நாடாவைச் சுவரில் பிடித்து, அந்த உயரத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்த்தார். பழைய படுக்கை விரிப்பை வெட்டினார். ஓரங்களைப் பூச்சி அரித்த மாதிரி மெழுகுவர்த்தியில் பொசுக்கினார். குளிருக்கு இதமாக ஃபிளானல் துணியால் உள்பக்கம் முழுக்க இன்னொரு அடுக்கு. கைக்கும் தோளுக்கும் எப்போதும்போல இடம் விட்டார். பூச்சிகளை ஒவ்வொன்றாகக் கையால் தைத்து, பார்சலில் அனுப்பினார். இது அவளுக்குப் பிடித்துவிட்டால் போதும், கோடைக்கு ஒரு வாரம் வந்துபோகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தார். போனில் கேட்க அவருக்கு வாய் வராது.

ஹாலோவீன் அன்று மதியம், வேலை தொடங்குவதற்கு முன், வீடியோ அழைப்பு வந்தது. ட்வேனும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

திரையில் கெய்சா. உடுப்பு அவள் மேல் நிற்கவில்லை, தொங்கியது. தோள்பட்டை முழங்கை வரை சரிந்திருந்தது. கை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் துணி ஆடியது. அவளுக்குப் பின்னால் வெயிலில் ஒரு பனைமரம். அரைக்கால் சட்டை போட்ட யாரோ வேலிக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவள் நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்லா இருக்குப்பா," என்றாள். "ரொம்ப தேங்க்ஸ்."

முன்பெல்லாம் அவள் தேங்க்ஸ் சொன்னதில்லை. 'ஐயோ, கண்ணு இன்னும் ரத்தமா வேணும்' என்று சண்டை போடுவாள்.

"அடப் பாவி," என்று ட்வேன் காதோரம் முணுமுணுத்தான். "பனி ஜாக்கெட்டுக்கு மேல போடுற அளவுல வெட்டியிருக்கியேடா! அங்க ஏதுடா ஜாக்கெட்டு?"

இந்த ஊரில் எல்லாப் பேய்களும் தடித்த ஜாக்கெட்டுக்கு மேல்தான் உடுப்பு போடும். தைக்கிற கை யோசிப்பதே இல்லை. ஆர்விடின் கையும் யோசிக்கவில்லை.

"நான் பெல்ட் போட்டு இறுக்கிடறேன் சார், கவலையே படாதீங்க. பூச்சியெல்லாம் பிரமாதம்!" ட்ரெய் திரைக்குள் தலையை நீட்டினான். நல்ல மனுஷன்தான். அதுவே பெரிய சங்கடம்.

கொலீனின் குரல் மட்டும் வந்தது. "ஆர்விட், பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது. உள்துணியை வெட்டி எடுத்துடலாமா?"

கெய்சா திரையை நேராகப் பார்த்தாள். "வெட்டட்டுமாப்பா? நீ வேணாம்னா இப்படியே போட்டுக்கறேன்."

"வெட்டும்மா. அக்குளிலேர்ந்து தொடங்கு. கத்தரியை உள்பக்கமாவே கொண்டுபோ. பூச்சித் தையல்ல பட்டுடப்போகுது."

போனைச் சாய்த்து வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. திரையில் கூரை மட்டும் தெரிந்தது. ஃபிளானலைக் கத்தரி தின்னும் சத்தத்தை அவர் கடைசி வரை கேட்டார். ட்வேன், "வாடா, வண்டி எடுக்கணும்," என்று தோளைத் தொட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி கூப்பிட்டாள்.

"எல்லாரும் அலறிட்டாங்கப்பா! ஒரு குட்டிப் பையன் மிட்டாயைப் போட்டுட்டு ஓடிட்டான்."

"அழுதானா?"

"அழுதான்!"

இருவரும் சிரித்தார்கள். கோடையைப் பற்றிக் கேட்க இதுதான் நேரம் என்று அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பா, அடுத்த வருஷம் நானே தைக்கப்போறேன். ட்ரெய் தையல் மெஷின் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். இங்கேயே போட்டுப் பார்த்துப் பார்த்துத் தைச்சாத்தானே சரியா வரும்?"

"ஆமாம்மா. அதான் சரி. கனமான துணின்னா பெரிய ஊசி போடு. அவசரப்பட்டு மிதிக்காதே, நூல் சிக்கும்."

நூலைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் அவள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷத்தில் அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான். பிறகு கொலீன் சாப்பிடக் கூப்பிட்டாள்.

"வைக்கட்டுமாப்பா?"

"வை. சாப்பிடு."

அவள் போனை மேஜையில் போட்டாளே தவிர அணைக்கவில்லை. தட்டுச் சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. ஆர்விடும் அணைக்கவில்லை. அந்த வீட்டுச் சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் கேட்டால் தப்பில்லை என்று தோன்றியது.

"அப்பா," என்று கெய்சா கூப்பிட்டாள்.

என்னம்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டார்.

"என்னடா கண்ணு?" என்றது ட்ரெயின் குரல்.

"அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க."

உப்பு ஜாடி மேஜையில் நகரும் ஓசை கேட்டது. சட்டையில் போட்டிருந்த பித்தானை அவிழ்த்து, மறுபடி போட்டுக்கொண்டார் ஆர்விட். அங்கே யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதுபோல, மெதுவாகப் போனை அணைத்தார்.