இரண்டு எண் உள்ள வண்டி

வசுமதி கல்பாக்கம் அணுமின் நிலையத்தில், ஸ்டோர்ஸ் பிரிவில், முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருபத்துநான்கு வயதில் வந்து சேர்ந்தவர். லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கூட வந்த காகிதத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். ஒரு அட்டை எழுதிக் கட்ட வேண்டும். இதுதான் வேலை. அட்டை இல்லாத பொருள் உள்ளே போகாது. ஒருமுறை நானூறு வாஷர்கள் வந்தன. வரைபட எண்ணின் கடைசியில் 'பி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி' இருந்தது. அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவை சரியான வாஷர்கள்தான், தட்டச்சில் வந்த பிழை என்று பிறகு தெரிந்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற நான்காவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புதுப்பட்டினத்தில் அவர் வீட்டு வாசலில் ஒரு கிரேன் வந்து நின்றது. பின்னால் ஒரு பழைய பிக்கப் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேன் ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து அவர் கணவர் ரவிச்சந்திரன் இறங்கினார்.

"என்னங்க இது?"

"ஐம்பத்தாறு மாடல். அமெரிக்கன் வண்டி. பம்பாய்ல பாகம் சேர்த்தது. சிங்கப்பெருமாள் கோயில்ல பழைய இரும்புக் கடையில கிடந்தது."

"எதுக்கு?"

ரவிச்சந்திரன் கொஞ்சம் யோசித்தார். "நல்லா இருக்குல்ல, வசு?"

நன்றாகத்தான் இருந்தது. உருண்டையான முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு வரிவரியாக இரும்பு ஜாலி, ஒற்றைக் கண்ணாடியில் பாதியை மறைக்கும் விரிசல். வசுமதி உள்ளே போய்க் கிரேன்காரருக்குத் தண்ணீர் எடுத்து வந்தார்.

கோவளத்திலிருந்து மோசஸ் என்ற மெக்கானிக் வந்து பார்த்துக்கொண்டார். படகு எஞ்சினிலிருந்து பஸ் எஞ்சின் வரை கை வைப்பவர். மார்கழி பிறப்பதற்குள் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில், பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு, பழைய வண்டிகளின் கண்காட்சி நடக்கப்போவதாக ரவிச்சந்திரனுக்குச் செய்தி வந்தது. கலந்துகொள்ள ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, முன் ஆக்சில், பின் ஆக்சில், கேபின், பின் தொட்டி, நிறம் என்று இருபத்தாறு வரிகள். ஒவ்வொன்றும் கம்பெனியிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது, இப்போது இருப்பது அதுவேதானா என்று எழுத வேண்டும். ரவிச்சந்திரன் பென்சிலால் இருபத்தாறு வரியிலும் 'ஒரிஜினல்' என்று எழுதி மனைவியிடம் நீட்டினார்.

"உன் கையெழுத்து நல்லா இருக்கும். மையில எழுதிடு."

"பார்க்காம எப்படிங்க எழுதுறது?"

அன்று சாயங்காலமே அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் குழப்பம் நிறத்தில் வந்தது. வண்டி இப்போது நீலம். கதவோரத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் சிமெண்ட் நிறம், அதற்கும் அடியில் மறுபடி நீலம். பின் தொட்டியில் தேய்த்தால் நீலம், உடனே தகரம். கடைசி நீலம் கம்பெனி நீலமா, யாரோ ஒருவருக்குப் பிடித்த நீலமா? நோட்டில் 'நீலம்' என்று எழுதி, அடித்து, 'நீலம் இரண்டு' என்று எழுதினார்.

இரண்டாவது, சக்கரத்தில். மோசஸ் இடதுபக்க முன்சக்கரத்தைக் கழற்ற ஸ்பானர் போட்டார். நட்டு நகரவில்லை. குழாய் சொருகி ஏறி நின்றும் நகரவில்லை. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினார், சுலபமாக வந்தது.

"லெஃப்ட் மரைம்மா. பழைய வண்டிங்கள்ல இப்டி வரும். ஓடச்சொல்ல நட்டு தானா கழலக்கூடாதுன்னு இடதுபக்கம் மட்டும் உல்டாவா வெட்டுவான்."

"அப்போ இடது பின்சக்கரமும் அப்படித்தானே இருக்கணும்?"

மோசஸ் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார். அது சாதாரண மரை. அவர் தலையைச் சொறிந்தபடி வண்டிக்கடியில் படுத்து, சுத்தியால் சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். நடுவில் சத்தம் மாறியது.

"இன்னாம்மா இது. இங்க ஒட்டுக் கீது பாரு. முன்னால கீறது கடல் தின்ன இரும்பு, ஏடு ஏடா உரியுது. பின்னால கீறது நல்ல இரும்பு. ரெண்டு வண்டிய வெட்டி ஒண்ணா ஒட்டிக்கீறான்."

வசுமதி இணையத்தில் அந்த வண்டியின் கையேட்டைத் தேடிப் பிடித்தார். சேஸிஸ் எண் இரண்டு இடத்தில் அடிக்கப்பட்டிருக்கும் என்று அதில் இருந்தது: வலது முன்சக்கரத்துக்கு மேலே ஒன்று, தொட்டிப் பலகைக்கு அடியில் ஒன்று. கம்பித் தூரிகையால் முன்பக்கத்தைத் தேய்த்தார்கள். ஒரு எண் வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண் அது இல்லை. மறுநாள் பலகைகளைப் பெயர்த்துப் பின்பக்கம் தேய்த்தார்கள். அங்கே இருந்தது ஆர்.சி. எண்.

ரவிச்சந்திரன் காபி டம்ளரோடு வந்து நின்றார். "அப்போ என்ன அர்த்தம்?"

"நீங்க வாங்கின வண்டி பின்னாடி பாதிதாங்க. முன்பாதி யாருதுன்னே தெரியல."

"நான் உட்கார்ந்து ஓட்டுறது முன்பாதியிலதானே?"

ரவிச்சந்திரன் காபியைக் குடிக்காமல் உள்ளே எடுத்துப் போய்விட்டார். வாட்ஸப் குழுவில் 'முழுக்க முழுக்க ஒரிஜினல்' என்று அவர் ஏற்கெனவே நாலைந்து படம் போட்டிருந்தார்.

ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய உரிமையாளர் கருங்குழி தர்மராஜ் என்று இருந்தது. அவரிடம் கேட்டால் தெளிந்துவிடும் என்று வசுமதி நினைத்தார். மதுராந்தகம் பஸ் ஏறித் தனியாகப் போனார். தர்மராஜுக்கு எழுபதுக்கு மேல் வயது. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெருவில் வீடு. வாசலில் மகன்களின் இரண்டு டாடா ஏஸ் நின்றன. அவர் வண்டியின் படத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"நம்ப வண்டிதான். எங்க நைனா ஏலத்துல எடுத்தது. நெல்லு மூட்ட, மல்லாட்ட மூட்ட, சவுக்கு, எல்லாம் இதுல அடிச்சிக்கீறேன். பெட்ரோல் கட்டுப்படியாகலன்னு டீசல் எஞ்சின் மாத்துனோம். மத்தபடி எதுலயும் கை வெக்கல."

"நடுவுல வெட்டி ஒட்டியிருக்குங்களே."

"இல்லியேம்மா."

மோர் கொண்டுவந்த அவர் மனைவி சரோஜா படத்தை எட்டிப் பார்த்தார். "இது இன்னா நம்ப வண்டின்றே. நம்புளுது சிமிட்டி கலரு. நான் கல்யாணமாயி வந்தப்ப இருந்த மூஞ்சே வேற. அப்பறம் மூணு மாசம் வூட்ல வண்டியே இல்ல. திரும்பி வரச்சொல்ல இந்த மூஞ்சியோட வந்திச்சி."

"பெயிண்ட் அடிக்க உட்டுது அது," என்றார் தர்மராஜ்.

"பெயிண்ட் அடிச்சா கதவு கைப்பிடி மாறுமா? மொதல்ல இருந்தது இழுத்தா தொறக்கும். இது கீழ அமுக்கணும். என் வெரலு மாட்டிக்கினு ரத்தம் வந்திச்சே, அதுவும் பெயிண்ட்டா?"

தர்மராஜ் மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "எனுக்கு நெனப்பில்ல," என்றார். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் அதே பதில்தான் வந்தது. அவர் மறந்துவிட்டாரா, மறைக்கிறாரா என்று வசுமதிக்குப் பிடிபடவில்லை. சரோஜா பீரோவிலிருந்து ஒரு படம் தேடி எடுத்தார். எண்பத்து மூன்றில் எடுத்த அவர்களுடைய கல்யாணப் படம். மணமக்களுக்குப் பின்னால் வண்டி நின்றது. கறுப்பு வெள்ளைப் படம், நிறம் தெரியவில்லை. முன்பக்கத்தை ஒரு வாழைமரம் சரியாக மறைத்திருந்தது.

தன் போன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும்போது வசுமதிக்குத் தலை வலித்தது. பஸ்ஸில் நோட்டைப் பிரித்து மூன்று பத்தி போட்டார்: தர்மராஜ் சொன்னது, சரோஜா சொன்னது, வண்டி சொல்வது. எந்த இரண்டும் பொருந்தவில்லை. ஸ்டோர்ஸில் இப்படி வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். இதை யாருக்குத் திருப்பி அனுப்புவது? இன்னொன்றும் அவர் மனதை அரித்தது. முப்பத்தாறு வருடம் அவர் எழுதிய அட்டைகளில் இருந்ததெல்லாம், கூட வந்த காகிதம் சொன்னதுதான். காகிதம் இல்லாமல் ஒரு பொருளைப் பார்த்து இது இன்னது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் வரும்வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இருபது வரிகளில் 'தெரியவில்லை' என்று மையில் எழுதினார். நான்கில் 'மாற்றப்பட்டது'. ஆர்.சி. எண் இருந்த பின்பாதி சேஸிஸுக்கும் அதிலிருந்த பின் ஆக்சிலுக்கும் மட்டும் 'ஒரிஜினல்'. ரவிச்சந்திரன் அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "இப்படிக் குடுத்தா உள்ளயே விடமாட்டாங்க, வசு," என்றார்.

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய்யில்ல. எதுவுமே தெரியலன்னா, ஒரிஜினல் இல்லன்னும் தெரியாதுல்ல?"

அதில் நியாயம் இருப்பதுபோலவும் இல்லாததுபோலவும் தோன்றியது. ஆனாலும் அவர் எழுதியதை மாற்றவில்லை.

கண்காட்சியை நடத்திய பிரதீபா என்ற பெண் படிவத்தை இரண்டு முறை படித்தாள். "மேடம், எல்லாரும் எல்லாமே ஒரிஜினல்னுதான் எழுதுவாங்க. இப்படி யாரும் எழுதிக் குடுத்ததில்ல. இதை எந்தப் பிரிவுல போடுறதுன்னு எனக்குத் தெரியலையே." கடைசியில் பரிசுக்கு இல்லாமல் பார்வைக்கு மட்டும் என்று, வரிசை முடியும் இடத்தில், சவுக்கு மரங்களை ஒட்டி நிறுத்தச் சொன்னாள்.

கண்காட்சியன்று மதியத்துக்கு மேல் திண்டிவனத்திலிருந்து வந்த பூபாலன் என்பவர் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சக்கரத்து நட்டுகளைப் பார்த்தார். அவரிடமும் இதே மாதிரி வண்டி ஒன்று இருந்தது. வசுமதியின் படிவத்தை வாங்கிப் பார்த்தவர் ஒரு வரியில் விரல் வைத்தார்.

"பின் ஆக்சில் ஒரிஜினல்னு போட்டிருக்கீங்களே. இந்தக் கம்பெனி வண்டியில இடதுபக்கம் ரெண்டு சக்கரமும் எதிர் மரைதாங்க. எந்த வருஷத்து வண்டியிலயும் மாறல. முன்னாடி இருக்கறதுதான் சரி. பின்னாடி இருக்கிற ஆக்சில் வேற எதுலயோ இருந்து வந்தது."

தன் வண்டியின் படங்களை போனில் காட்டினார். அவர் சொன்னபடிதான் இருந்தது. ஆக, முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி, ஆக்சில் மூன்றாவது வண்டி. தான் உறுதியாக எழுதிய இரண்டில் ஒன்று தவறு. வசுமதி பேனாவைத் திறந்தார். எதை அடிப்பது, எதை எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டார். ரவிச்சந்திரனோ பூபாலனைக் கையோடு அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து, வெகுநேரம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவருக்கு மூன்று வண்டி என்றதும் ஏன் சந்தோஷம் வந்தது என்பதும் வசுமதிக்குப் புரியவில்லை.

மாசி மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கு வசுமதிக்கு ஒரு போன் வந்தது. கருங்குழி தர்மராஜ். பின்னணியில் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது, வயலிலிருந்து பேசினார்.

"அம்மா, வூட்ல வெச்சிப் பேச முடியல. அன்னிக்கி நீ கேட்டல்ல, வெட்டி ஒட்டுனது. என்னாலதாம்மா. படாளம் கிட்ட புளியமரத்துல வண்டிய உட்டுட்டேன். மூஞ்சி மொத்தமும் பூடுச்சி. நைனா வெளிய சொல்லாதேன்னாரு. எனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருந்தாங்க, வண்டிய மரத்துல உட்டவன்னு தெரிஞ்சா ஆராவது குடுப்பானா? சதுரங்கப்பட்டினத்துல மீன் அடிச்சிக்கினு இருந்த வண்டி ஒண்ணு சும்மா கெடந்திச்சி. அதோட முன்பக்கத்த வெட்டி நைனா ஒட்டுனாரு. இத்தினி வருசமா சரோஜாவுக்குத் தெரியாது."

வசுமதி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டார். "எந்த வருஷம்ங்க?"

"எண்பது. கார்த்திக மாசம்."

"உங்க கல்யாணம் எண்பத்து மூணுங்களே."

"ஆமா."

"அப்போ சரோஜா அம்மா கல்யாணமாகி வந்தப்பவே இந்த முன்பக்கம்தானே இருந்திருக்கணும்? மூணு மாசம் வண்டி இல்லாம இருந்து, வேற மூஞ்சியோட வந்துதுன்னு சொன்னாங்களே, அது எது?"

"எண்பது, எண்பத்தொண்ணு" என்று அந்தப் பக்கம் வாய்க்குள் எண்ணுவது கேட்டது. தர்மராஜ் நிஜமாகவே யோசிப்பது தெரிந்தது.

"அதாம்மா எனுக்கும் வெளங்கல," என்றார். "அது பெயிண்ட் அடிக்கத்தான் போச்சி."

அவர் போனை வைத்த பிறகு வசுமதி வாசலுக்குப் போனார். ஓட்டுநர் கதவைத் திறந்தார், மூடினார். கைப்பிடியைக் கீழே அமுக்கித்தான் திறக்க வேண்டியிருந்தது, சரோஜா சொன்ன மாதிரியே. சுற்றிப்போய் அந்தப்பக்கக் கதவில் கை வைத்தார். அது இழுத்ததும் திறந்துகொண்டது, முதலில் இருந்ததாகச் சரோஜா சொன்ன கைப்பிடியைப் போல. இத்தனை மாதமும் கணவர் ஓட்ட, வசுமதி அந்தப் பக்கமாக ஏறி உட்கார்ந்துதான் இந்த வண்டியில் போய் வந்திருந்தார்.

"என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டார்.

ரவிச்சந்திரன் வந்து இரண்டு கதவையும் மாறி மாறித் திறந்து பார்த்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்று, வண்டியின் உள்வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.